தில்லிப் புகைமூட்டப் படங்களுக்கு இரண்டு வரிக் குறிப்பு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி முடிந்த கையோடு தில்லியில் வரும் நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு இந்தியா கேட் வந்துவிடுகிறது. சாம்பல் திரைக்குப் பின்னால் வளைவின் உருவம் அரைகுறையாகத் தெரியும். கீழே 'புகைமூட்டத்தில் திணறும் தலைநகர்' என்று ஒரு வரி. உடனே மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் தில்லியின் ராமகிருஷ்ணபுரத்துக்கும் மயூர் விஹாருக்கும் உறவினர்களின் போன் வரத் தொடங்கும். காற்று மோசம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எவ்வளவு மோசம் என்பதை அந்தப் படம் சரியாகக் காட்டுகிறதா என்பதுதான் கேள்வி. ஒளிப்படக்கலை படிக்கும் மாணவி என்ற முறையில் அதைப் பற்றிச் சில விவரங்களை எழுத விரும்புகிறேன்.

படத்தின் நேர்மை என்றதும் எல்லோருக்கும் போட்டோஷாப் ஞாபகம்தான் வருகிறது. வகுப்புகளிலும் பாடம் அங்கேதான் தொடங்கும். 2006-ல் பெய்ரூட் குண்டுவீச்சுப் படத்தில் புகையை நகலெடுத்து ஒட்டி அடர்த்தியாக்கிய அத்னான் ஹஜ் என்ற ஒளிப்படக்காரரை ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் விலக்கியது. அவருடைய 920 படங்களையும் தன் தொகுப்பிலிருந்து நீக்கியது. நமக்கு நெருக்கமான உதாரணம் 2015 டிசம்பர் சென்னை வெள்ளம். பிரதமர் வானிலிருந்து வெள்ளத்தைப் பார்வையிடும் படத்தில், ஜன்னலுக்குள் வேறொரு காட்சியை இணைத்து வெளியிட்டது மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம். கேலி கிளம்பியதும் அதை நீக்கிவிட்டு, இரண்டு படங்கள் இணைக்கப்பட்டவை என்று விளக்கம் தந்தது. இவை சுலபமான வழக்குகள். ஒட்டுவேலை இன்றைக்கில்லாவிட்டாலும் நாளைக்கு அகப்படும். ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல், பட்டனை அழுத்துவதற்கு முன்பே படம் உண்மையிலிருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவதை என்ன செய்வது? மூட்டப் படங்களில் பெரும்பாலும் நடப்பது அதுதான்.

இந்தியா கேட்டையே எடுத்துக்கொள்வோம். உயரம் 42 மீட்டர். ஃபுல் ஃப்ரேம் கேமராவில், ஒளியைப் பதியும் சென்சாரின் உயரம் 24 மில்லிமீட்டர். கேமராவைக் கிடைவாட்டில் பிடித்து, படத்தின் உயரத்தில் சரிபாதியை வளைவு நிரப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மி.மீ. வைடு லென்ஸ் வைத்திருப்பவர் சுமார் 84 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் 200 மி.மீ. டெலி லென்ஸ் என்றால் 700 மீட்டர். 400 மி.மீ. என்றால் 1,400 மீட்டர்; கர்தவ்ய பாதையில் (பழைய ராஜபாதை) விஜய் சௌக் பக்கமாக வெகுதூரம் பின்வாங்கியாக வேண்டும். மூன்று படங்களிலும் வளைவின் அளவு ஒன்றுதான். நடுவில் இருக்கும் காற்றின் நீளம்தான் வேறு.

மூட்டத்தில் ஒளி–நிழல் வேறுபாடு தூரத்தோடு படிப்படியாகக் குறைவதில்லை, மடங்கு மடங்காகச் சரிகிறது. கண்ணுக்கு எட்டும் தூரம் 1 கிலோமீட்டராக இருக்கும் ஒரு காலையில், 84 மீட்டரில் அந்த வேறுபாட்டில் 72 சதவீதம் மிஞ்சும். 700 மீட்டரில் 7 சதவீதம்கூட மிஞ்சாது. முதல் படத்தில் வளைவின் கல் இணைப்புகளைப் பார்க்கலாம். இரண்டாவதில் வெறும் உருவரைதான். இரண்டும் ஒரே நிமிடத்தில் எடுத்தவை, இரண்டும் உண்மையானவை. ஆனால் முதல் பக்கத்துக்குப் போவது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

டெலி லென்ஸ்தான் மூட்டத்தைக் கூட்டுகிறது என்று ஒளிப்படக்கலை படிக்கிறவர்களே சொல்வதுண்டு. அது தவறு. அதே 700 மீட்டரில் நின்று வைடு லென்ஸில் எடுத்து, நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிப் பாருங்கள். படம் உதிர்ந்து போயிருக்கும், ஆனால் மூட்டம் அதே அளவுதான். கூட்டுவது தூரம். டெலி லென்ஸ் செய்வதெல்லாம் அந்தத் தூரத்தை வாசகரிடமிருந்து மறைப்பதுதான். வளைவு பெரிதாகத் தெரிவதால் பக்கத்தில் இருப்பதாக நினைத்து, 'இவ்வளவு பக்கத்தில் இருப்பதே தெரியவில்லையே' என்று பதறுகிறார். சரோஜினி நகர்ச் சந்தைக் கூட்டத்தைத் தூரத்திலிருந்து எடுத்தால் தோளோடு தோள் ஒட்டியிருப்பது போலத் தெரிவதும் இதே கணக்கில்தான்.

அடுத்தது சூரியன். கர்தவ்ய பாதை கிழக்கு மேற்காக ஓடுகிறது, இந்தியா கேட் கிழக்கு முனையில். காலையில் விஜய் சௌக் பக்கமிருந்து எடுப்பவருக்குச் சூரியன் எதிரே இருக்கும். நுண்துகள்கள் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிக்கும். அதனால் எதிர்வெயிலில் காற்று முழுக்க ஒளிர்ந்து, மூட்டம் கெட்டியாகத் தெரியும். அதே நேரத்தில் அவர் திரும்பி நின்று மேற்கே, குடியரசுத் தலைவர் மாளிகைப் பக்கம் எடுத்தால், மூட்டம் இளைத்துப் போயிருக்கும். காற்று ஒன்றுதான்.

எக்ஸ்போஷரில், அதாவது படத்துக்குள் விடும் வெளிச்சத்தின் அளவில், நடப்பது இன்னும் நுட்பமானது. கேமராவின் மீட்டருக்கு எதைக் காட்டினாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். படச்சட்டத்தின் முக்கால் பாகத்தை வெளிறிய மூட்டம் நிறைத்திருந்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். பால்போல் இருந்த காலை அழுக்குச் சாம்பலாக வந்து நிற்கும். மூன்றில் இரண்டு ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) கூட்டி எடுத்தால் கண்ணால் பார்த்ததற்கு நெருங்கி வரும். பலர் கூட்டுவதில்லை, அவசரத்தில் மறந்துபோவதும் உண்டு, இருட்டாக வந்தது 'செய்திக்குப் பொருத்தமாக' இருப்பதால் விட்டுவிடுவதும் உண்டு.

நிறத்துக்கு ஒயிட் பேலன்ஸ், அதாவது எந்த வெளிச்சத்தை வெள்ளையாகக் கொள்வது என்று கேமராவுக்குச் சொல்லும் அமைப்பு. 'டேலைட்' என்பது ஏறக்குறைய 5,500 கெல்வின். அதை 'ஷேட்' என்று திருப்பினால் 7,500 வரை போகும். சாம்பல் மூட்டம் மஞ்சளித்து, கந்தகம் எரிந்தது போல ஆகிவிடும். 'ஆட்டோ'வில் விட்டால் எதிர்த்திசை: உண்மையிலேயே மஞ்சள் தட்டியிருக்கும் மாலையைக்கூட அது வெள்ளையாக்கிவிடும். நிறம் சரியாக வர கிரே கார்டு (நடுச்சாம்பல் அட்டை) காட்டுங்கள் என்பது எல்லாப் பாடத்திலும் உள்ள அறிவுரை. இங்கே அது தப்பாகப் போகும். மூட்டத்தின் வழியாக வரும் வெளிச்சமே மஞ்சளாக இருக்கும்போது, கார்டு அந்த மஞ்சளையும் சேர்த்துத் துடைத்துவிடும். டேலைட்டில் பூட்டி வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பதே மேல். ரா கோப்பில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்தவர் இதையெல்லாம் பின்னால் நினைத்தபடி மாற்றிக்கொள்ளலாம் என்பதால், 'கேமராவில் வந்தபடியே கொடுத்தேன்' என்ற சத்தியத்துக்கு நிறத்தைப் பொறுத்தவரை மதிப்பில்லை.

பத்திரிகைப் படங்கள் மிகைப்படுத்துகின்றன என்றால், கைபேசிப் படங்கள் குறைத்துக் காட்டுகின்றன. ஒரு தடவை தட்டினால் பல பிரேம்களை எடுத்து இணைத்து, இடத்துக்கு இடம் ஒளி–நிழல் வேறுபாட்டைத் தூக்கிவிடுவது அவற்றின் வழக்கம். மங்கலாக இருப்பதைத் தெளிவாக்குவதுதான் அவற்றுக்கு இட்ட வேலை. அதையே கையால் செய்ய, 2015-ல் லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் 'டீஹேஸ்' என்ற ஸ்லைடர் வந்தது. வலப்பக்கம் தள்ளினால் மூட்டம் விலகும், இடப்பக்கம் தள்ளினால் இல்லாத மூட்டம் வந்து இறங்கும். அளவு மீறியிருந்தால் கண்டுபிடித்துவிடலாம்: வானத்தை ஒட்டிய கட்டட விளிம்பில் கறுத்த அல்லது வெளுத்த ஒரு கோடு ஓடும், மர நிழல்கள் நீலம் பாய்ந்திருக்கும், சாலையோரக் கல்லின் மஞ்சள் பெயின்ட் கண்ணைப் பறிக்கும். இடப்பக்கம் தள்ளியதைக் கண்டுபிடிப்பது சிரமம். ஒரு தடயம் உண்டு: உண்மை மூட்டத்தில் பக்கத்துச் சைக்கிள்காரர் கறுப்பாகவே இருப்பார், தூரத்து மரம்தான் வெளுக்கும். ஸ்லைடர் மூட்டத்தில் சைக்கிள் டயரும் சேர்ந்து வெளுத்திருக்கும்.

செய்தி நிறுவனங்களின் விதிகள் இங்கே அதிகம் உதவுவதில்லை. படத்தில் எதையும் சேர்க்காதே, நீக்காதே. வெட்டுவதும், ஒளியையும் நிறத்தையும் அளவாகச் சரிசெய்வதும் தடையில்லை என்பதுதான் அவற்றின் சாரம். மேலே சொன்ன எல்லாமே அந்த 'அளவாக' என்ற சொல்லுக்குள் அடங்கிவிடும்.

இனி, கேமராவுக்கு வெளியே உள்ள பெரிய குழப்பம்: பனி. நவம்பர் மூட்டமும் ஜனவரி மூட்டமும் படத்தில் அண்ணன் தம்பி. ஜனவரி விடியலில் பாலம் விமான நிலையத்தை முடக்குவதில் பெரும்பங்கு நீர்த்துளிகளுடையது. அதற்கு 'நச்சுப்புகை' என்று குறிப்பு எழுதுவதும், நவம்பர்ப் புகைக்குப் 'பனிமூட்டம்' என்று எழுதி அரசுக்கு ஒத்தாசை செய்வதும் அச்சில் பார்க்கக் கிடைப்பவையே. இரண்டும் கலந்திருக்கும் நாட்களும் நிறைய. ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும்போது நுண்துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்துக்கொள்கின்றன. துகளின் உலர் எடை கூடாமலே பார்வை அடைபடும். அளவிடும் கருவிகள் உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி ஈரத்தைக் குறைத்துத்தான் எடை போடுகின்றன. எனவே பிஎம் 2.5 அளவு (ஒரு கன மீட்டர் காற்றில் 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள்கள் எத்தனை மைக்ரோகிராம் என்ற கணக்கு) ஒன்றாகவே இருந்தாலும், காலை 7 மணிப் படம் பயங்கரமாகவும் மதியம் 3 மணிப் படம் சாதாரணமாகவும் இருக்கும். மே மாதத்து நீலவானத்தில் ஓசோன் எல்லை மீறினால் எந்தக் கேமராவிலும் விழாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

படத்தோடு எண்ணைப் போடும்போதும் ஒரு பொருத்தக் குறை உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தினமும் மாலை 4 மணிக்கு வெளியிடும் காற்றுத் தரக் குறியீடு, முந்தைய 24 மணி நேரச் சராசரி. படமோ ஒரு நொடியில் 250-ல் ஒரு பங்கு. காலைப் படத்தின் பக்கத்தில் அந்தக் குறியீட்டைப் போட்டால், இரண்டும் ஒரே கணத்தைச் சொல்வதாக வாசகர் எடுத்துக்கொள்வார். தேவை, படம் எடுத்த அந்த மணி நேரத்து பிஎம் 2.5 அளவு; அதை வாரியத்தின் இணையதளத்திலேயே நிலையம் நிலையமாக எடுக்கலாம்.

சரியாகச் செய்யப்பட்டதற்கும் ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். 2020 ஊரடங்கின்போது இந்தியா கேட்டின் இரண்டு படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின: ஒன்று 2019 அக்டோபரில் எடுத்தது, இன்னொன்று 2020 ஏப்ரலில். அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் ஊரடங்கு இல்லாத ஆண்டிலேயே வித்தியாசம் உண்டு. வயல் எரிப்பு, காற்றின் வேகம், தரைக்கு மேலே காற்று கலக்கும் உயரம் எல்லாம் மாறிவிடும். ஆக, அந்த இணைப்படம் ஊரடங்கின் பலனோடு பருவ மாற்றத்தையும் சேர்த்தே காட்டியது. ஆனால் ராய்ட்டர்ஸ் குறிப்பில் இரண்டு தேதிகளும் தெளிவாக இருந்தன. அதனால்தான் இந்தக் குறையை யாராலும் சொல்ல முடிகிறது. பிறகு அதைப் பகிர்ந்த பலர் 'முன்பு, இப்போது' என்று மட்டும் போட்டுத் தேதிகளை உதிர்த்துவிட்டார்கள்.

இதைக் கற்றுக்கொள்ள விரும்பும் தமிழ் மாணவர்களுக்கு ராமகிருஷ்ணபுரமே போதும். மலை மந்திர் கோபுரம் போல உயரத்தில் நிற்கும் ஒன்றை, 400 அல்லது 500 மீட்டர் தூரத்தில் மாறாத ஓரிடத்திலிருந்து எடுங்கள். ஒரே லென்ஸ், டேலைட் ஒயிட் பேலன்ஸ், மேனுவல் எக்ஸ்போஷர். முன்புறத்தில் பத்து மீட்டருக்குள் கறுப்பாக ஒரு பொருள் கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் மூட்டத்தை ஒப்பிட அளவுகோலே இருக்காது. காலையிலும் மதியத்திலும் எடுத்து, அதே பகுதியில் உள்ள கண்காணிப்பு நிலையத்தின் மணிவாரி அளவையும், சப்தர்ஜங் வானிலை நிலையத்தின் ஈரப்பதத்தையும் பக்கத்தில் குறித்து வாருங்கள். பிஎம் 2.5 அளவு 150 இருந்தும் தெளிவாக வந்த படமும், 100 இருந்தும் ஒன்றுமே தெரியாத படமும் கையில் சேரும்போது, வானத்தைப் பார்த்தே காற்றின் அளவைச் சொல்லிவிடலாம் என்ற தைரியம் போய்விடும்.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். டெலி லென்ஸை விலக்க வேண்டாம். அது இல்லாமல் செய்திப் படம் இல்லை. குறிப்பில் இரண்டு வரி கூட்டினால் போதும்: 'கர்தவ்ய பாதை, கிழக்கு நோக்கி, காலை 7.40 மணி. வளைவிலிருந்து சுமார் 700 மீட்டர், 200 மி.மீ. லென்ஸ். அந்த மணி நேர பிஎம் 2.5 அளவு இவ்வளவு, ஈரப்பதம் இவ்வளவு.' தூரத்தை ஒளிப்படக்காரர் அடிபோட்டு அளக்க வேண்டாம், கைபேசி வரைபடத்தில் இரண்டு புள்ளி வைத்தால் தெரிந்துவிடும். பழைய படமானால் 'கோப்புப் படம்' என்று மட்டும் போடாமல் மாதத்தையும் ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள். நவம்பர் செய்திக்குப் போன ஜனவரிப் படத்தை அப்போதாவது வாசகர் கண்டுகொள்வார்.

வாசகர்கள் அனுப்பும் படங்களுக்கும் ஒரு விதி தேவைப்படும். வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நேரம், லென்ஸ் முதலான விவரங்கள் உதிர்ந்து, படமும் சுருங்கித்தான் தங்களிடம் வரும். 'டாக்குமென்ட்' என்ற வழியில் மூலக் கோப்பை அனுப்பினால் அவை அப்படியே வந்து சேரும். அந்த விவரங்களையும் மாற்ற முடியும்தான். ஆனால் நிழலின் திசையும் சொன்ன நேரமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க உதவி ஆசிரியருக்கு ஒரு பிடி கிடைக்கும். படம் கேட்டு வெளியிடும் அறிவிப்பிலேயே இதைக் குறிப்பிட்டுவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒளிப்படக்கலை மாணவி,
ராமகிருஷ்ணபுரம், புது தில்லி