கடை வாசல் சாய்தளம் குறித்து

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அரசு அலுவலகங்களுக்கு மட்டுமன்றி, பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்தும் என்பதையும், மாற்றுத்திறனாளிகள் தடையின்றி வந்து செல்வதற்கான அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்ததையும் கவனத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நம் வீதியில் சாய்தளம் என்ற பெயரில் கிடப்பது பெரும்பாலும் இருசக்கர வாகனத்தை உள்ளே ஏற்றுவதற்காகப் போட்ட இரும்புத் தகடுதான். அதில் சக்கர நாற்காலி ஏறாது, மழை நாளில் ஊன்றுகோலும் வழுக்கும். ஓர் அங்குல உயரத்துக்குக் குறைந்தது ஓர் அடி நீளம் என்பதே ஏற்கத்தக்க சாய்வு என்பதால், ஆறு அங்குலப் படி ஒன்றுக்கே ஆறடி தேவைப்படும். அதை நடைபாதையில் நீட்டினால் பார்வையற்றோர் இடறி விழ நேரும். ஆகவே வாசலுக்கு உட்புறமாக அமைக்கவும். இடமே இல்லாதவர்கள் மடக்குச் சாய்தளம் ஒன்றை வாங்கி வைத்து, அழைப்பு மணியை உட்கார்ந்திருப்பவரின் கைக்கு எட்டும் உயரத்தில் பொருத்தலாம். அமைத்த பிறகு அதன்மேல் அட்டைப்பெட்டிகளை அடுக்க வேண்டாம் (இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது).

படியின் உயரத்தையும் முன்புற இடத்தையும் அளந்து, புகைப்படத்துடன் இக்குழுவில் பதிவிடவும். ஒரே கொத்தனாரிடம் சேர்த்துக் கொடுத்தால் செலவு குறையும்.

– சங்க நிர்வாகம்