உலர்கழிவுக் கூடம்: திருப்பணி நிறைவு அறிக்கை

நகர் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

குப்பைக் கொட்டகைக்குப் போய்த் திருப்பணி என்று பெயரா என்று போன பொதுக்குழுவில் சிலர் சிரித்தார்கள். பிள்ளையார் கோயில் திருப்பணிக்கு அடித்த ரசீதுப் புத்தகம் நாலு மீந்திருந்தது. புதிதாக அடித்தால் அதற்கொரு செலவு, அதற்கொரு கேள்வி. அதனால் பெயரும் அப்படியே நின்றுவிட்டது.

கூரை ஷீட், இரும்புக் கதவு, லைட், தராசு, மூன்று பீப்பாய் எல்லாம் முடிந்தன. மட்கும் குப்பை காலையில் பேட்டரி வண்டியில் போகிறது. பாட்டிலும் அட்டையும் காயலான் கடைக்குப் போகின்றன.

தொல்லை கொடுப்பது யாரும் வாங்காத குப்பைதான்: சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே, பிய்ந்த செருப்பு, டயப்பர். சிப்ஸ் உறையில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால் காயலான் கடைக்காரர் அதைத் தொடமாட்டார். இதுவரை அது கெடிலம் ஆற்றங்கரையில் ராத்திரி நேரத்தில் எரிந்தது. எரித்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும், நான் எழுதவில்லை.

“ஒரு எரியடுப்பு வாங்கிப் போட்டால் தீர்ந்தது” என்று ஏழு பேர் எழுதிக் கொடுத்தீர்கள். குழு மறுத்தது, இன்றும் மறுக்கிறது. பிவிசி பிளாஸ்டிக் கலந்த குப்பையைக் குறைந்த சூட்டில் எரித்தால் டயாக்சின் என்ற நச்சு கிளம்பும். அதை அடக்க 850 டிகிரிக்கு மேல் சூடு நிற்க வேண்டும். நாம் வாங்கக்கூடிய அடுப்பு அதை எட்டாது, புகை மட்டும் இரண்டாம் குறுக்குத் தெருவுக்குள் வரும். சிமென்ட் சூளையில் 1400 டிகிரிக்கு மேல் இருக்கும். அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகள் இருக்கின்றன. உள்ளாட்சிகள் இந்த மாதிரிக் கழிவை அங்கே எரிக்க ஆலைகளுக்கு அனுப்புவதும் நடக்கிறது. கிலோவுக்கு 1500 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் தரும், மறுசுழற்சிக்கு ஆகாத கழிவைக் கிடங்கில் கொட்டிப் புதைக்கக் கூடாது என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளும் சொல்லியிருந்தன. ஆனால் அது நனைந்தால் போச்சு, பாதிச் சூடு தண்ணீரை உலர்த்தவே சரியாகிவிடும். ஆக நம் வேலை, நனையாமல் சேர்த்து வைத்து மாநகராட்சி வண்டியில் ஏற்றிவிடுவது. இந்தக் கூடமே அதற்குத்தான்.

இனி பேஸ்மட்டம், அதாவது கூடத்தின் தரை உயரம். வாட்ஸ்அப்பில் மூன்று மாதம் ஓடிய விவகாரம்.

எஸ்டிமேட்டில் “பேஸ்மட்டம் 2½ அடி” என்று எழுதியது நான். ரோட்டிலிருந்தா, மனையின் மண்ணிலிருந்தா, எங்கிருந்து இரண்டரை அடி என்று எழுதவில்லை. அது என் தவறு. மனை ரோட்டைவிட ஓரடிக்கு மேல் பள்ளம். காண்ட்ராக்டர் மனையின் மண்ணிலிருந்து அளந்து கட்டிவிட்டு, “குப்பைக்கு இதைவிட உயரம் எதுக்கு சார்?” என்றார். 2015 வெள்ளத்தில் அதே இடத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றதை நாம் பார்த்தோம், அவர் பார்க்கவில்லை. ஐப்பசியில் இரண்டு நாள் மழை. கூடத்துக்குள் தண்ணீர், நாற்பது மூட்டையும் ஊறிப்போயின. வண்டிக்காரர் ஏற்ற மாட்டேன் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது.

காண்ட்ராக்டர் இரண்டு வாரம் போனை எடுக்கவில்லை. பிறகு கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பேசி, பேஸ்மட்டத்தை உயர்த்தக் கூலி அவருடையது, பொருள் நம்முடையது என்று முடிந்தது. அன்றைக்கு அவரோடு நான் டீ குடித்ததை ஒருவர் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டு, “கமிஷன்” என்று எழுதினார். டீக்குக் காசு கொடுத்தது நான்தான்.

உயர்த்தக் கிராவலும் கல்லும் 38,400 ரூபாய். தரையை மறுபடி போட 21,200. வண்டி ஏறச் சரிவு 13,000. ஆக எஸ்டிமேட் 3,40,000, முடிந்தது 4,12,600. இந்த 72,600 வீண் என்பவர்கள், அடுத்த முறை ரோடு போட்டு அது இன்னும் அரையடி ஏறிய பிறகு வந்து பார்க்கட்டும்.

நன்கொடை 3,61,500. கோயில் கல்வெட்டில் யார் பெயர் முதலில் என்று நடந்த சண்டை போதும் என்பதால் இங்கே பெயர் போடவில்லை. முதல் தெரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா 50,000. மெயின் ரோடு மளிகைக் கடை 40,000. மருந்துக் கடை 25,000. மூன்றாம் தெரு மாடி வீட்டு அண்ணன், துபாயிலிருந்து, 30,000. மீன் வியாபாரம் செய்யும் அக்கா தினம் நூறாக நூறு நாள் கொடுத்து 10,000. இட்லிக் கடை ஐயா 5,000, கூடவே வேலையாட்களுக்கு எல்லா நாளும் காலைப் பலகாரம். மற்றவர்கள் பட்டியல் கணக்கு நோட்டில் இருக்கிறது.

கோயில் நிதியிலிருந்து எடுத்த 40,000 கடன்தான், தானமில்லை. தை மாதத்துக்குள் திருப்பிவிடுவோம். எலெக்ட்ரீஷியனுக்கு இன்னும் 11,100 பாக்கி. மனிதர் வாய் திறந்து கேட்கவில்லை, அதுதான் எனக்குச் சங்கடம்.

டயப்பரையும் நாப்கினையும் காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். மூட்டையைப் பிரிப்பவர் கையில் அது படுகிறது. பல்பு, பேட்டரி, காலாவதியான மாத்திரை சிவப்புப் பீப்பாயில்.

கணக்கு நோட்டும் பில்களும் ஞாயிறு மாலை 5 முதல் 7 வரை கோயில் மண்டபத்தில் இருக்கும். சந்தேகம் உள்ளவர்கள் நேரில் வரவும். குரூப்பில் இனி பதில் எழுத மாட்டேன்.

செயலாளர், திருப்பணிக் குழு