எரிவாயு வாடை: உறுப்பினர்கள் கவனத்திற்கு

இயற்கை எரிவாயுவுக்கென்று மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் போன்ற கந்தகச் சேர்மத்தை மிகச் சிறிதளவு கலக்கிறார்கள். அழுகிய முட்டை போல நாறும். 1937-இல் டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளியில் வாடையற்ற வாயு தேங்கி வெடித்ததில் ஏறத்தாழ 300 பேர் மாண்டார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதன்பிறகே அங்கு இது சட்டமானது. காற்றில் வாயு சுமார் 5 விழுக்காட்டை எட்டினால்தான் தீப்பற்றும். அதற்கு வெகு முன்பே மூக்குக்கு எட்டிவிட வேண்டும் என்பதே கணக்கு.

ஆனால் மூக்கை மட்டும் நம்பாதீர்கள். சிறிது நேரத்தில் அது வாடைக்குப் பழகிவிடும். புதிய எஃகுக் குழாயும் மண்ணும் மணத்தை உறிஞ்சிவிடுவதுண்டு. வாடை குறைந்துவிட்டதே என்று தயவுசெய்து உள்ளேயே இருந்துவிடாதீர்கள். சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். உடனே வெளியேறி, தள்ளி நின்று அவசர எண்ணை அழையுங்கள்.