கையெழுத்தும் கதையும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

ரங்கூனில் நம் கோயில் தமிழ்ப் பள்ளியின் கோடை வகுப்பு பாதி தாண்டிவிட்டது. வீட்டுப்பாடக் குறிப்பேடுகளைச் சரிபார்த்தபோது, சில பிள்ளைகள் உங்கள் கையெழுத்தைத் தாங்களே போட்டிருப்பது தெரிந்தது. யார் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பிள்ளைகளிடம் தனித்தனியாகப் பேசினோம், அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். அதோடு அந்த விஷயம் முடிந்தது.

இதைக் கேள்விப்பட்ட ஒரு தந்தை என்னை வந்து பார்த்தார். "பேசுற நரி, பறக்கிற குதிரைன்னு இல்லாததை எல்லாம் சொல்லிக்கொடுத்தா பிள்ளை பொய்தானே பேசும்? திருக்குறளும் எழுத்துப் பயிற்சியும் போதாதா, சயா (ஆசிரியரே)?" என்று கேட்டார். அக்கறையில் பிறந்த கேள்வி. வேறு சிலர் மனதிலும் இது இருக்கலாம் என்பதால் எல்லோருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நம் பிள்ளைகள் வாரம் முழுவதும் இரண்டு உலகத்தில் வாழ்கிறவர்கள். அரசுப் பள்ளியில் பர்மியப் பெயர், வீட்டிலும் கோயிலிலும் தமிழ்ப் பெயர். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எங்கள் ஆசிரியையிடம், "அங்கே ஒரு பேர், இங்கே ஒரு பேர் சொல்றேனே, அது பொய்யா?" என்று கேட்டாள். பௌத்தர்களின் ஐந்து ஒழுக்க நெறிகளான பஞ்ச சீலத்தில் நான்காவது பொய் சொல்லாமை. அதை நண்பர்களோடு ஓதி வளர்கிற குழந்தைக்கு இந்தச் சந்தேகம் வந்ததில் வியப்பில்லை. ஆசிரியை சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது: "ரெண்டு பேரும் உங்க அப்பா அம்மா வச்சது. நீ யாரையும் ஏமாத்தலை. உன்னைத் தெரிஞ்சவங்க எல்லாருக்கும் அது தெரியும்."

கதைக்கும் இதே அளவுகோல்தான். நரி பேசாது என்பது சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிற குழந்தைக்கும் தெரியும். ஏமாற்றப்படுகிறவர் அங்கே யாருமில்லை. குறிப்பேட்டில் போட்ட கையெழுத்தோ ஆசிரியரை நம்பவைப்பதற்காகவே போட்டது.

சங்கப் புலவர்களில் கபிலரை எடுத்துக்கொள்ளுங்கள். புறநானூற்றின் 174ஆம் பாட்டு அவரைப் 'பொய்யா நாவிற் கபிலன்' என்று புகழ்கிறது. அதே கபிலர்தான் கலித்தொகையின் 51ஆம் பாட்டில், நம் இலக்கியத்திலேயே அழகான ஒரு பொய்யை எழுதியவர். சிறு வயதில் மணல் வீட்டைக் காலால் சிதைத்தும் பந்தைப் பறித்துக்கொண்டும் ஓடிய குறும்புக்காரன் ஒருவன், வளர்ந்தபின் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு வாசலில் வந்து நிற்கிறான். தண்ணீர் கொண்டுவந்த பெண்ணின் கையைப் பற்றுகிறான். அவள் அலறுகிறாள். அம்மா ஓடிவந்ததும், தண்ணீர் குடிக்கும்போது அவனுக்கு விக்கிக்கொண்டது என்று சொல்லிவிடுகிறாள். அம்மா அதை நம்பி அவன் முதுகைத் தடவிவிடுகிறாள். பொய்யை இத்தனை உயிரோடு எழுதியவரைத்தான் பொய்யாத நாக்குடையவர் என்று அந்தக் காலம் போற்றியது. புனைவையும் புரட்டையும் நம் முன்னோர் குழப்பிக்கொள்ளவில்லை.

குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்பதைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. பெரிய வகுப்புக்கு அதை நான்தான் நடத்துகிறேன். கடற்கரையில் மாதவி யாழ் எடுத்துப் பாடுவது வெறும் விளையாட்டுப் பாட்டு. முதலில் அப்படிப் பாடித் தொடங்கியவனே கோவலன்தான். ஆனால் அவள் பாடியதும், வேறு ஒருவனை மனதில் வைத்துப் பாடுகிறாள், மாயப் பொய் பல கூட்டுகிறவள் இவள் என்று முடிவுகட்டி எழுந்து போய்விடுகிறான். பாட்டைப் பொய் என்று எடுத்துக்கொண்டான். மதுரையில் நடப்பது இதற்கு நேர் எதிர். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனே கோவலனைக் கள்வன் என்கிறான். பாண்டியன் விசாரிக்காமல் அந்தப் பொய்யை உண்மை என்று எடுத்துக்கொள்கிறான். முதல் தவறில் ஒரு குடும்பம் சிதைந்தது, இரண்டாவதில் ஓர் உயிர் போனது. கதையே தெரியாமல் வளர்கிற பிள்ளை இந்த இரண்டு தவறையும் செய்யக்கூடும் என்பது என் உறுதியான எண்ணம். போனில் வருகிற வதந்தியையும் வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கிறவனின் பேச்சையும் எடைபோட, பொற்கொல்லனை ஒருமுறை சந்தித்திருப்பது நல்லது. ஆகவே கதைகளை நிறுத்தப்போவதில்லை.

சரி, கையெழுத்துக்கு வருவோம். அந்தப் பிள்ளைகள் எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: பயம். மதிப்பெண்ணைக் காட்டினால் அடி விழும்.

விக்டோரியா தல்வார், காங் லீ என்ற ஆய்வாளர்கள் 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளின் சிறு குழந்தைகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு அது. ஒன்றில் தவறுக்குக் கடும் தண்டனை, மற்றதில் இல்லை. கடும் தண்டனை இருந்த பள்ளியில்தான் குழந்தைகள் அதிகம் பொய் சொன்னார்கள், அதையும் மாட்டிக்கொள்ளாமல் திறமையாகச் சொன்னார்கள். நம் பள்ளியில் பிரம்பு கிடையாது என்பதைக் குறையாகச் சொல்கிற பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அடி அவர்களுக்குக் கற்றுத்தருவது மறைக்கும் திறமையை மட்டும்தான்.

2014இல் காங் லீ குழுவினர் இன்னொன்றையும் சோதித்தார்கள். மூன்று முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்குக் கதை சொல்லிவிட்டு, அவர்கள் செய்த சின்னத் தவறு ஒன்றை ஒப்புக்கொள்கிறார்களா என்று பார்த்தார்கள். பொய் சொன்னால் மூக்கு நீளும் பினோக்கியோ கதைக்கும், நாம் 'புலி வருது' என்று சொல்கிற கதையின் ஓநாய் வடிவத்துக்கும் பலன் இல்லை. செர்ரி மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டு அப்பாவிடம் பாராட்டுப் பெற்ற சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டன் கதையைக் கேட்ட குழந்தைகள்தான் கூடுதலாக உண்மை சொன்னார்கள். அந்த வாஷிங்டன் கதை, அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய வீம்ஸ் என்பவர் தம் நூலின் 1806ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்த கட்டுக்கதை என்றே வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அதைக் கேட்ட பிள்ளைகள்தான் உண்மை பேசினார்கள். என்னைச் சந்தித்த தந்தைக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

இதனால் சின்ன வகுப்பில் 'புலி வருது' கதையைக் குறைத்து, கோடாலியை ஆற்றில் தவறவிட்ட விறகுவெட்டி கதையை முன்னால் கொண்டுவந்திருக்கிறோம். அவன் உண்மை சொன்னதால் தங்கக் கோடாலியும் சேர்த்துப் பெறுகிறான்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. பள்ளியில் நாங்கள் சொல்லும் கதையைவிடக் கடையில் நீங்கள் பேசும் பேச்சுதான் பிள்ளை காதில் நிற்கும். பலரும் கடை வைத்திருக்கிறீர்கள், பிள்ளைகள் மாலையில் வந்து வீசைக் கணக்கில் பருப்பு நிறுத்துக் கொடுக்கிறார்கள். "வாங்கின விலையே இவ்வளவு" என்று நீங்கள் வாடிக்கையாளரிடம் சொல்லும்போது, சரக்குச் சீட்டைப் படிக்கத் தெரிந்த பிள்ளை பக்கத்தில் நிற்கிறது. கடன்காரர் போனில் கூப்பிட்டால் "அப்பா வீட்டில் இல்லை" என்று சொல்லச் சொல்கிறோம். அதே வாரம் கையெழுத்துக்காக அதே பிள்ளையை அடிக்கிறோம். 'பொய்மையும் வாய்மை யிடத்த' என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே என்று சிலர் குறளைக் காட்டுவார்கள். அடுத்த அடியையும் சேர்த்துப் படியுங்கள். குற்றமே இல்லாத நன்மை பயந்தால் என்று கடுமையான நிபந்தனை அங்கே இருக்கிறது. லாபமும் கடன்காரரைத் தட்டிக்கழிப்பதும் அதில் அடங்காது.

இன்னொன்று, தெரிந்துகொண்டே கேட்காதீர்கள். கண்ணாடி டம்ளரை யார் உடைத்தது என்று தெரிந்தபின், "யார் உடைச்சது?" என்று பொறி வைப்பது பொய்யை நாமே கூப்பிடுவது. "டம்ளர் உடைஞ்சிருக்கு, வா, சேர்ந்து கூட்டுவோம்" என்றால் போதும்.

அடுத்த வாரம் முதல் குறிப்பேட்டில் மதிப்பெண்ணுக்குக் கீழே இரண்டு வரி இடம் விடப்படும். ஒரு வரியில் எந்தப் பாடம் புரியவில்லை என்று பிள்ளை எழுத வேண்டும், அடுத்ததில் நீங்கள் கையெழுத்திட வேண்டும். மதிப்பெண் குறைவாக இருந்தாலும் அன்று திட்டாமல் கையெழுத்திடுங்கள். எழுதத் தெரியாத பாட்டி தாத்தாவிடம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கைரேகை போதும்.

பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா விடுமுறை முடிந்து வகுப்பு திறந்ததும், பெரிய வகுப்புப் பிள்ளைகள் கோயில் மண்டபத்தில் வழக்குரை காதையை நடிக்கிறார்கள். பாண்டியனாக நடிக்கிறவன் 'யானோ அரசன் யானே கள்வன்' என்ற வரியை இப்போதே நன்றாகச் சொல்கிறான். சிலம்புக்கு உள்ளே போட மணிகள் வேண்டும். பழைய பாசிமணி இருந்தால் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
ரங்கூன்