விழா மலரில் வரலாற்றுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்

திருநெல்வேலிச் சீமைத் திருச்சபைச் சேகரங்களில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளில்) நூற்றாண்டு மலரும் நூற்றைம்பதாம் ஆண்டு மலரும் தயாரித்துக்கொண்டிருக்கும் குழுவினருக்கு,

கிறிஸ்துவுக்குள் அன்பின் ஸ்தோத்திரம்.

பிரதிஷ்டைப் பண்டிகைக்கு எந்த ஊருக்குப் போனாலும், அசனப் பந்தியில் உட்காருவதற்கு முன்பே விழா மலர் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிற ஆள் நான். வீட்டில் ஒரு அலமாரி நிறைய மலர்கள் இருக்கின்றன. யூசேபியுசின் சபைச் சரித்திரத்திலிருந்து பேராயர் கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரம் வரை, கையில் கிடைக்கிற வரலாற்றுப் புத்தகத்தையெல்லாம் வாசிப்பவன். அந்த உரிமையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: நம் மலர்களில் வாழ்த்து இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது, வரலாறுதான் இல்லை.

பேராயர் வாழ்த்து, செயலர் வாழ்த்து, சட்டமன்ற உறுப்பினர் வாழ்த்து, வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் குடும்பத்தோடு நிற்கும் முழுப்பக்கப் படம். நடுவே 'சபை வரலாறு' என்று ஒன்றரைப் பக்கம். அதிலும் வெள்ளைக்கார ஐயர் குதிரையில் வந்தார், ஓலைக் கோயில் எழும்பியது, அது காரைக் கோயிலானது, இப்போது கோபுரம் உயர்ந்து நிற்கிறது, அவ்வளவுதான். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் எந்தச் சேகரத்துக்கும் பொருந்தும். 1578இல் என்றீக்கு அடிகளார் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் மொத்தமே 16 பக்கம். தமிழ் எழுத்தில் அச்சேறியவற்றில் இன்று நம் கையில் இருப்பவற்றுள் அதுதான் மிகப் பழையது. நம் மலர்களில் வாழ்த்துரைகளே அந்த 16 பக்கத்தைத் தாண்டிவிடுகின்றன.

சபை வரலாறு எப்படி எழுத வேண்டும் என்பதற்கு வெளியே போய் மாதிரி தேட வேண்டியதில்லை. நெகேமியா மூன்றாம் அதிகாரத்தை வாசியுங்கள். கோயிலில் அதைப் படிக்கச் சொன்னால் பெயர்களில் நாக்கு புரளாமல் பலரும் தவிப்பார்கள். எனக்கோ வேதத்தில் மிகப் பிடித்த அதிகாரங்களில் அது ஒன்று. எருசலேம் அலங்கத்தின், அதாவது நகர மதிலின், எந்தத் துண்டை யார் கட்டினார்கள் என்று வரிசையாக வருகிறது. தட்டார் கட்டினார்கள், தைலக்காரர் கட்டினார்கள், வியாபாரிகள் கட்டினார்கள். சல்லூம் என்பவனோடு அவன் குமாரத்திகளும் கட்டினார்கள். தெக்கோவா ஊரார் வேலைக்கு வந்தார்கள், ஆனால் அந்த ஊர்ப் பிரபுக்கள் கழுத்தைக் கொடுக்கவில்லை என்பதையும் நெகேமியா விடவில்லை. உழைத்த பெண்பிள்ளைகளும் உண்டு, ஒதுங்கிய பெரிய மனிதர்களும் உண்டு. நம் மலர்க் குழுவில் நெகேமியா இருந்திருந்தால் அந்தப் பிரபுக்களின் வரியை வெட்டச் சொல்லியிருப்போம், அவர்களிடமே விளம்பரமும் வாங்கியிருப்போம்.

பாளையங்கோட்டைக் கிளாரிந்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். மலர்களில் அவர் 'நெல்லைத் திருச்சபையின் தாய்'. சரிதான். ஆனால் அவர் கதையில் நம் மலர்கள் தாண்டிப் போகும் பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மராட்டியப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு மணமில்லாமல் வாழ்ந்தவர். ஞானஸ்நானம் கேட்டபோது அந்த வாழ்க்கையைக் காரணம் காட்டி மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்தபின், 1778இல்தான் கொடுத்தார். மறுக்கப்பட்டவர் மனம் கசந்து விலகிப் போகவில்லை. 1780ஆம் ஆண்டுப் பாளையங்கோட்டைச் சபைப் பட்டியலில் இருப்பது 40 பேர். முதல் பெயர் கிளாரிந்தா. அவர் முயற்சியில் எழுந்த கோயிலை 1785இல் சுவார்ட்ஸ் ஐயரே வந்து பிரதிஷ்டை செய்தார். ஊரார் இன்றும் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறார்கள். மறுத்த கதையை எடுத்துவிட்டுப் பிரதிஷ்டையை மட்டும் சொன்னால் மிஞ்சுவது ஒரு கல்வெட்டு வாசகம்தான். அந்த அம்மாள் அதில் இல்லை.

'சபைக்குள் நடந்த மனஸ்தாபத்தையெல்லாம் எழுதினால் சண்டை வரும்' என்று ஒரு மலர்க் குழுவில் எனக்குப் பதில் வந்தது. சண்டை புதிதாக வர வேண்டியதில்லையே, ஏற்கெனவே நிறைய வந்து போயிருக்கிறது. 1835இல் சிஎம்எஸ் என்ற இங்கிலாந்து மிஷனெரிச் சங்கம் தன் மிஷனெரியான ரேனியஸ் ஐயரை விலக்கியபோது, ஊர்ச் சபைகளை நடத்திய உபதேசிமார் பலர் அவர் பக்கம் போனார்கள். இரண்டு பக்கமாகப் பிரிந்த சபைகள், 1838இல் அவர் இறந்தபின்தான் மெல்ல ஒன்றாயின. நாடார் சமூகத்தைப் பற்றிக் கால்டுவெல் 1849இல் எழுதிய சிறுநூல் அந்தச் சமூகத்தாரிடமே பெரும் கசப்பை உண்டாக்கியது. 1857இல் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் சட்டாம்பிள்ளை தலைமையில் ஒரு கூட்டம் மிஷனைவிட்டுப் பிரிந்து, வெள்ளைக்காரர் தயவில்லாமல் தனிச் சபையே கண்டது. சனிக்கிழமை ஓய்வுநாள் ஆசரிக்கும் சபை அது. இவையெல்லாம் புத்தகங்களில் எப்போதோ வந்துவிட்டன. நம் மலர்களில் மட்டும் எல்லாரும் எப்போதும் ஒருமனப்பட்டே இருந்திருக்கிறார்கள். கால்டுவெல்லை நான் குறைத்துப் பேசவில்லை. இடையன்குடிக் கோயில் கட்டி முடிய 33 வருஷம் காத்திருந்தவர் அவர். அந்தப் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன். அதற்காக 1849ஐ மறக்க வேண்டுமா?

அடுத்தது பதிவேடு. மலருக்கு வேண்டிய சரக்கு முழுவதும் அங்கேதான் கிடக்கிறது. ஒரு சேகரத்தில் குருவானவர் அனுமதியோடு பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தேன். மை பழுப்பேறி, ஓரங்களை இராமபாணப் பூச்சி தின்றிருந்தது. பெற்றோர் பெயர், ஊர், தகப்பன் தொழில் என்று கட்டங்கள். தொழில் கட்டத்தில் பக்கம் பக்கமாகப் 'பனையேற்று'. கொஞ்சம் தள்ளி ஒரு 'வாத்தியார்'. இன்னும் தள்ளி, ஊர்க் கட்டத்திலேயே 'கொழும்பு' என்று எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். பனங்காட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் இலங்கைக்கும் ஒரு ஊர் நகர்ந்த கதை அந்த இரண்டு கட்டங்களில் இருந்தது. அந்த ஊர் மலரில் இதில் ஒரு வரிகூட இல்லை. உங்கள் சேகரத்தில் 1876–78 தாது வருஷப் பஞ்சத்து அடக்கப் பதிவேடு இருந்தால் அந்தப் பக்கங்களைத் திறந்து பாருங்கள். பழைய கணக்குப் புத்தகத்தில் பிடியரிசி வரவு எழுதியிருக்கும். உலை வைக்கும்போதெல்லாம் சபைக்கென்று ஒரு கைப்பிடி அரிசி எடுத்து வைத்த பெண்களின் பெயர் வேறெங்கும் கிடைக்காது.

தரங்கம்பாடியில் 1733இல் குருப்பட்டம் பெற்ற முதல் புராட்டஸ்டண்ட் தமிழ்க் குருவான ஆரோனைப் பற்றி இன்று நமக்குத் தெரிகிறதென்றால், காரணம் இதுதான்: தரங்கம்பாடி மிஷனெரி சீகன்பால்குவும் அவருக்குப் பின்வந்தவர்களும் விடாமல் எழுதி ஜெர்மனியில் ஹாலே நகருக்கு அனுப்பினார்கள், ஹாலேயில் அதை அச்சிட்டும் பாதுகாத்தும் வைத்தார்கள். சிஎம்எஸ் கடிதங்களும் அறிக்கைகளும் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஒழுங்காக இருக்கின்றன. நம் ஊர் உபதேசியாரைப் பற்றித் தெரிந்துகொள்ள இங்கிலாந்துக்கு எழுத வேண்டியிருக்கிறது. ஆனால் அவர் கைப்பட எழுதிய பதிவேடு கோயில் வெஸ்ட்ரி அறைப் பீரோவில், உடைந்த மெழுகுவர்த்தித் தண்டுகளுக்கு அடியில் கிடக்கிறது.

நான் கேட்பது பெரிய செலவில்லை. மலருக்கு ஆர்ட் பேப்பர் வாங்குகிற பணத்தில் கொஞ்சம் எடுத்து, முதலில் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யுங்கள். வாலிபர் சங்கப் பிள்ளைகளுக்கு இது இரண்டு சனிக்கிழமை வேலை. எண்பது வயது தாண்டிய அம்மாமார், பாட்டிமார் பேசுவதைப் பதிவுசெய்யுங்கள். பண்டிகை முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். நிலம் கொடுத்தவர் யார், முதல் குடும்பம் எது என்பதில் இரண்டு கட்சி இருந்தால், இரண்டையும் ஆதாரத்தோடு எழுதிவிடுங்கள். தீர்ப்பு சொல்வது மலர்க் குழுவின் வேலை இல்லை. வரலாற்றை முன்னால் போடுங்கள். வாழ்த்துரைகள் பின்னால் நாலு பக்கத்தில் அடங்கட்டும். தகுதியான எவரும் இதற்காக வருத்தப்பட மாட்டார்கள். ராஜாக்களின் புத்தகத்தை எழுதியவரே பெரும்பாலான ராஜாக்களின் கதை முடிவிலும், மற்றதெல்லாம் நாளாகமப் புஸ்தகத்தில் எழுதியிருக்கிறதல்லவா என்று நம்மை இன்னொரு புத்தகத்துக்கு அனுப்பி வைக்கிறார். நீங்களும் எந்தப் பதிவேட்டில், எந்தப் பக்கத்தில் பார்த்தீர்கள் என்று அடியில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

விளம்பர வருமானம் குறையும் என்றுதானே யோசிக்கிறீர்கள்? எந்தச் சேகரம் இப்படி ஒரு மலர் போட்டாலும் முன்பணம் கட்டிப் பத்துப் பிரதி வாங்கிக்கொள்கிறேன். பதிவேட்டின் பழைய கையெழுத்தை வாசித்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றாலும் கூப்பிடுங்கள், பஸ் செலவு நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அசனத்துக்கும் மலருக்கும் தவறாமல் வரும் ஒரு வாசகன்,
பாளையங்கோட்டை