நுரை தள்ளும் குழந்தைக்குப் பால் புகட்டும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிறந்த குழந்தையின் வாயில் நுரை கண்டால், "பனிக்குடத் தண்ணீரைக் குடிச்சிருக்கும், சரியாயிடும்" என்பார்கள். பெரும்பாலும் சரியாகியும்விடும். ஆனால் துடைக்கத் துடைக்க நுரை வந்தால் உணவுக்குழாய் பாதியில் அடைபட்டிருக்கலாம். ஏறத்தாழ 3,500 குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி நேர்கிறது.

அவர்களில் 85 சதவீதத்தினருக்கு உணவுக்குழாயின் மேற்பாதி பைபோல் மூடியிருக்கும். கீழ்ப்பாதி மூச்சுக்குழாயில் போய்த் திறக்கும். மேலே தேங்கும் எச்சில் நுரையீரலுக்குள் வழியும், கீழேயிருந்து இரைப்பை அமிலமும் ஏறும். சேனை வைக்கும் சர்க்கரைத் தண்ணீரிலேயே குழந்தை புரையேறி நீலம் பாரித்துவிடும்.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். 10 நம்பர் ரப்பர் குழாயை (குறைமாதக் குழந்தைக்கு 8) வாய்வழியே செலுத்தினால், அடைப்பு இருக்கும்போது ஈறிலிருந்து சுமார் 10 செ.மீ.யில் முட்டி நிற்கும். 5, 6 நம்பர் மெல்லிய குழாயை நம்பக் கூடாது. பைக்குள்ளேயே சுருண்டுகொண்டு, இரைப்பைக்குப் போய்விட்டதாக ஏமாற்றும். குழாயை எடுக்காமலே மார்பும் வயிறும் சேர்த்து ஒரு எக்ஸ்ரே எடுத்தால் போதும். வயிற்றில் காற்று தெரிந்தால், கீழ்ப்பாதி மூச்சுக்குழாயோடு இணைந்திருக்கிறது. பேரியம் (எக்ஸ்ரேயில் தெரியும் மருந்துக் கரைசல்) கொடுத்துப் படம் எடுப்பது ஆபத்து. பனிக்குட நீர் அதிகம் என்று கர்ப்ப கால ஸ்கேனில் எழுதியிருந்தால், நுரைக்குக் காத்திராமல் முதல் பாலுக்கு முன்பே குழாயைச் செலுத்திப் பார்த்துவிட வேண்டும். மற்றக் குழந்தைகளுக்குத் தாய்ப்பாலைத் தள்ளிப்போடத் தேவையே இல்லை.

குழந்தைகள் அறுவைப் பிரிவுக்குப் போகும் வழியில்தான் நுரையீரல் அதிகம் கெடுகிறது. பாலாடையில்கூட எதுவும் புகட்டக் கூடாது. தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கட்டும். தொடர்ந்து உறிஞ்சும் வசதி இல்லையென்றால் 5 முதல் 10 நிமிடத்துக்கு ஒருமுறை எச்சிலை உறிஞ்சி எடுக்க வேண்டும். நரம்பு வழியே 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்), உடம்பில் கதகதப்பு, இரண்டும் அவசியம். குழந்தை தானாக மூச்சு விடும்போது மாஸ்க் வைத்துக் காற்றடித்தால், காற்று இரைப்பைக்குள் புகுந்து வயிறு உப்பி, மூச்சு மேலும் திணறும். ஆசனவாய் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு குறைகளும் சேர்ந்து வருவதுண்டு. அறுவைக்கு முன் இதய எக்கோவும் வேண்டும்.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பிறவிக் குறைப் பட்டியலில் உதட்டுப் பிளவு, வளைபாதம், இதயக் குறை எல்லாம் உள்ளன. உணவுப்பாதைக் குறைகள் இல்லை. அவற்றையும் சேர்க்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு பிரசவ அறையிலும் 8, 10 நம்பர் குழாய்களை வைத்து, நுரை நிற்காத குழந்தைக்கு இந்தச் சோதனையைச் செய்த பிறகே பால் என்று சுகாதாரத் துறை உத்தரவிடட்டும்.

இப்படிக்கு,
பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர்கள்,
மதுரை