சர்க்கரை உள்ளவர்கள் கவனத்துக்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். தொற்றுக் காலத்தில் சர்க்கரை உள்ளவர்கள் என்ன செய்வது என்று பலரும் தனித்தனியாகக் கேட்பதால் பொதுவாகவே எழுதிவிடுகிறேன்.

முகக்கவசம், கை கழுவுவது, கூட்டத்தைத் தவிர்ப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம். மாத்திரை, இன்சுலின், டெஸ்ட் ஸ்ட்ரிப் ஒரு மாதத்துக்காவது கையிருப்பில் இருக்கட்டும்.

சிக்கலே காய்ச்சல் வரும்போதுதான். "சாப்பிடவே இல்லையே, எதற்கு இன்சுலின்?" என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். நோயோடு உடல் போராடும்போது சுரக்கும் ஹார்மோன்கள், பட்டினி கிடந்தாலும் சர்க்கரையை ஏற்றிவிடும். அதனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். 4 மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரையைப் பாருங்கள். 240 mg/dL-க்கு மேலேயே நின்றால், முக்கியமாக இன்சுலின் போடுபவர்கள், கீட்டோனையும் (இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் அமிலப் பொருள்) பார்க்க வேண்டும். வாந்தி, பேதி இருந்தால் மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளைத் தொடரலாமா என்று அன்றே கேட்டுவிடுங்கள். தண்ணீரை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

அப்புறம், விரலில் குத்தும் முன் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள். பழம் உரித்த கையோடு பார்த்தால் மீட்டர் எக்கச்சக்கமாகக் காட்டி வீட்டையே கலக்கிவிடும்!

யாரோ சொன்னார்கள் என்று ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். சர்க்கரை கிடுகிடுவென ஏறும்.

மூச்சு வாங்குவது, நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், தண்ணீர்கூட நிற்காத வாந்தி என எது வந்தாலும் இந்தக் குழுவில் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.